சோர்ஸ் ஒரு பக்கம், ஆப்ஜெக்ட் ஒரு பக்கம்: ஏஎஸ்/400-இல் லைப்ரரி பிரிப்பது பற்றி

கேள்வி

“எங்கள் ஏஎஸ்/400-இல் (ஐபிஎம்மின் வணிகக் கணினி) ஒரு அப்ளிகேஷனுக்கு ஒரு லைப்ரரி. சம்பளத்துக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, பொதுக் கணக்குக்கு ஒன்று. டேட்டா ஃபைல், புரோகிராம், சோர்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே. புதிதாக வந்த மேனேஜர் மூன்றையும் தனித்தனி லைப்ரரியாகப் பிரிக்கச் சொல்கிறார். இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடியதை ஏன் கலைக்க வேண்டும்? ஒரே இடத்தில் இருந்தால் தேடுவதும் சுலபம்தானே?”

பிப்ரவரி 3, காலை

மேனேஜர் சொல்வது சரி. பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்க முடியாது என்றால் டேட்டாவை மட்டுமாவது முதலில் வெளியே எடுங்கள். புரோகிராமும் சோர்ஸும் இன்னும் கொஞ்ச நாள் ஒன்றாக இருந்தால் குடி முழுகிப் போகாது. டேட்டா சோர்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது முழுகும்.

பிப்ரவரி 3, இரவு

எப்படி முழுகும் என்று கேட்கிறீர்கள். புதியவர்களுக்கு: பிடிஎம் என்பது சோர்ஸைப் பட்டியலிட்டு வேலை செய்யும் கருவி. சோர்ஸ் ஃபைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு தனி சோர்ஸும் ஒரு மெம்பர். டேட்டா உண்மையில் இருக்கும் ஃபைல் பிசிகல், அதன் வடிவத்தை எழுதும் மொழி டிடிஎஸ். 14 என்றால் கம்பைல். பிடிஎம்மில் மெம்பர் பட்டியலைத் திறந்து, ஒரு பிசிகல் ஃபைலின் டிடிஎஸ் மெம்பருக்கு எதிரே 14 போட்டு எண்டர் தட்டுங்கள். (வேண்டாம், தட்டாதீர்கள். மனசுக்குள் தட்டுங்கள்.) உருவாகும் ஆப்ஜெக்ட் (கம்பைல் ஆகிக் கிடைக்கும் ஃபைல், புரோகிராம் போன்றது) எந்த லைப்ரரிக்குப் போக வேண்டும் என்பதற்கு பிடிஎம்மின் டிஃபால்ட் ‘சோர்ஸ் இருக்கும் அதே லைப்ரரி’. உங்கள் ஏற்பாட்டில் அதுதான் உயிருள்ள டேட்டா இருக்கும் லைப்ரரி. அதே பெயரில் ஃபைல் ஏற்கனவே இருப்பதால் ஒரு திரை வரும்: இருக்கும் ஆப்ஜெக்டை அழிக்கலாமா, ஒய் அல்லது என்.

ஆர்பிஜி (இங்கே புரோகிராம் எழுதும் மொழி) மெம்பருக்கு நாள் முழுக்க ஒய் போட்டுப் பழகிய விரல் இங்கேயும் ஒய்தான் போடும். புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்ப கம்பைல் செய்தால் புரோகிராம் கிடைக்கும். ஃபைலை அழித்துவிட்டுத் திரும்ப கம்பைல் செய்தால் காலி ஃபைல் கிடைக்கும். அதன் மேல் லாஜிகல் ஃபைல் (தனக்கென்று டேட்டா இல்லாமல் பிசிகலின் டேட்டாவை வேறு விதமாகக் காட்டுவது) கட்டியிருந்தால் சிஸ்டம் அழிக்க விடாது, அந்த மட்டில் பிழைத்தோம். லாஜிகல் இல்லாத சின்ன ஃபைல்களுக்கு அந்தக் காவலும் கிடையாது. வரி விகிதம், கடைசியாகக் கொடுத்த பில் எண் போன்றவை பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்ன ஃபைல்களில்தான் இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை, ‘இந்தத் திரை தொல்லையாக இருக்கிறது’ என்று பிடிஎம் டிஃபால்ட்டில் ‘ரீப்ளேஸ்’ என்பதற்கு நேரே ஒய் என்று மாற்றி வைத்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு அந்த ஒரு கேள்வியும் வராது.

ஃபைலில் ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டுமானால் ‘சேஞ்ச் பிசிகல் ஃபைல்’ கட்டளையில் புதிய டிடிஎஸ் சோர்ஸைக் கொடுங்கள். டேட்டாவை வைத்துக்கொண்டே வடிவத்தை மாற்றித் தரும். 14 போடும் பழக்கமே பிசிகல் ஃபைலுக்கு வேண்டாம்.

பிப்ரவரி 4

‘பிரித்தால் எது எங்கே என்று தெரியாது’ என்ற பயத்துக்கு வருகிறேன். லைப்ரரி என்பது ஃபோல்டர் இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுவதுபோல லைப்ரரிக்குள் லைப்ரரி போட முடியாது, க்யூசிஸ் ஒன்றைத் தவிர. மற்ற எல்லா லைப்ரரிகளும் அதற்குள்தான். எல்லாம் ஒரே தளம், பெயருக்குப் பத்து எழுத்து. மற்ற சிஸ்டங்களில் பழகி வந்தவர்கள் இங்கே முதலில் தடுமாறுவது இதில்தான்.

அந்தத் தட்டையான அமைப்பை வேலைக்கு ஆக்குவது லைப்ரரி லிஸ்ட். புரோகிராமுக்குள் ஃபைலின் பெயரை மட்டும் எழுதுகிறோம். அது எந்த லைப்ரரியில் இருக்கிறது என்பதை ஓடும் நேரத்தில் ஜாபின் (சிஸ்டத்தில் ஓடும் ஒரு வேலை) லைப்ரரி லிஸ்ட் மேலிருந்து கீழாகத் தேடிச் சொல்கிறது. டெஸ்ட் டேட்டா லைப்ரரியை மேலே வைத்தால் அதே புரோகிராம் டெஸ்ட் டேட்டாவில் ஓடும், ஒரு வரி மாற்ற வேண்டாம். டேட்டாவும் புரோகிராமும் ஒரே லைப்ரரியில் இருந்தால் இதைப் பத்திரமாகச் செய்ய முடியாது: புரோகிராமை லிஸ்டில் சேர்த்தால் டேட்டாவும் கூடவே வந்துவிடும், டெஸ்ட் லைப்ரரியில் விட்டுப்போன ஃபைல் அங்கிருந்து எடுபடும். உங்கள் மேனேஜர் பிரிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேக்கப்பும் ஒரு காரணம். சேவ் செய்வது லைப்ரரி அளவில்தான் வசதி. டேட்டா தினமும் மாறுகிறது, தினமும் சேவ் ஆக வேண்டும். புரோகிராம் மாறினால்தான் சேவ் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாறாததையும் தினமும் தூக்கிச் சுமக்கிறோம்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. லாஜிகல் ஃபைல்களை ‘அதில் டேட்டா இல்லையே’ என்று புரோகிராம் லைப்ரரிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. வேண்டாம். அவை பிசிகல் ஃபைலோடு ஒரே லைப்ரரியில் இருக்கட்டும். தனித்தனியாக இருந்தால் ரீஸ்டோர் செய்யும்போது பிசிகல் முதலில் வர வேண்டும், இல்லாவிட்டால் லாஜிகல் வராது. மெஷின் விழுந்து ரீஸ்டோர் செய்துகொண்டிருக்கும் ராத்திரியில் இந்த வரிசையை யோசிக்க யாருக்கும் மூளை இருக்காது.

பிப்ரவரி 6

“லைப்ரரி லிஸ்டை நம்ப முடியாது, அதனால் ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிடும் எல்லா ‘கால்’ (CALL) வரிகளிலும் லைப்ரரி பெயரை எழுதிவிடுகிறோம்” என்கிறார் இன்னொருவர். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்வு நாளைக்கு டெஸ்ட் லைப்ரரியில் ஓடிக்கொண்டே நடுவில் ஒரே ஒரு கால் மட்டும் புரொடக்ஷன் புரோகிராமைக் கூப்பிட்டு, புரொடக்ஷன் டேட்டாவில் எழுதிவிட்டு வரும். இதைக் கண்டுபிடிப்பது பேய் பிடிப்பதற்குச் சமம், ஏனென்றால் டெஸ்டில் எல்லாம் சரியாகவே தெரியும்.

லைப்ரரி லிஸ்ட் ஏமாற்றுவதாகச் சொல்லப்படும் இடங்களில் பாதி, ஷெட்யூலரில் போட்ட ஜாப்கள். நீங்கள் உட்கார்ந்து சப்மிட் செய்யும் ஜாப் உங்கள் லிஸ்டையே எடுத்துக்கொள்ளும். ஜாப் ஷெட்யூலில் போட்டது உங்கள் லிஸ்டை அறியாது, ஜாப் டிஸ்கிரிப்ஷனில் (ஜாபின் அமைப்புகளைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) இருப்பதைத்தான் எடுக்கும். பகலில் கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரி தானாக ஓடினால் ஃபைல் இல்லை என்கிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு ஜாப் டிஸ்கிரிப்ஷன், அதில் சரியான லிஸ்ட். அவ்வளவுதான்.

இன்னொரு பாதியில் ஒரு பங்கு ஆர்பிஜியுடையது. பெயரை அப்படியே எழுதிய கால்-ஐ ஆர்பிஜி முதல் தடவை மட்டும் லிஸ்டில் தேடும். கிடைத்த முகவரியை வைத்துக்கொண்டு அடுத்த தடவைகளில் நேராக அங்கேயே போகும். நடுவில் நீங்கள் லிஸ்டை மாற்றினாலும் அதற்குக் கவலை இல்லை. ஒரே செஷனில் டெஸ்டுக்கும் புரொடக்ஷனுக்கும் தாவுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். தாவாதீர்கள், சைன் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.

லிஸ்டில் இடம் போதாது என்றும் சிலர் சொல்வார்கள். பயனர் பகுதியில் 25 லைப்ரரிதான் என்பது பழைய கதை, வி5ஆர்1 என்ற சிஸ்டம் வெளியீட்டிலிருந்து 250. அந்த 25 போதாத காலத்தில்தான் எல்லாவற்றையும் ஒரே லைப்ரரியில் அடைக்கும் பழக்கம் பல இடங்களில் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 7

சோர்ஸ் ஃபைல் ஒன்றா பலவா? ஐபிஎம் வைத்த பெயர்ப்படி ஆர்பிஜிக்கு ஒன்று, சிஎல்லுக்கு (சிஸ்டத்தின் கட்டளை மொழி) ஒன்று, டிடிஎஸ்ஸுக்கு ஒன்று என்று மொழிவாரியாகப் பிரித்து வைப்பது வழக்கம். நான் அதற்கே ஆதரவு. அப்ளிகேஷன் வாரியாகப் பிரிப்பவர்களும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே சோர்ஸ் ஃபைலில் கொட்டுபவர்களும் உண்டு. ஒரே ஃபைலில் கொட்டினால் ஒரு புரோகிராமுக்கும் அதன் டிஸ்பிளே ஃபைலுக்கும் (திரையின் வடிவம்) ஒரே பெயர் வைக்க முடியாது. ஆப்ஜெக்ட்களில் அந்தச் சிக்கல் இல்லை. வகை வேறாக இருந்தால் ஒரே லைப்ரரியில் ஒரே பெயர் இருக்கலாம். ஆனால் டிஸ்பிளே ஃபைலும் பிசிகல் ஃபைலும் சிஸ்டத்தின் கண்ணுக்கு ஒரே வகைதான், இரண்டும் ‘ஃபைல்’.

சோர்ஸ் ஃபைல் உருவாக்கும்போது நீளத்தைப் பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் உருவாக்கினால் 92: வரிசை எண்ணுக்கு 6, தேதிக்கு 6, எழுதுவதற்கு 80. ஐஎல்இ ஆர்பிஜிக்கு (ஆர்பிஜியின் புதிய தலைமுறை) 112 வேண்டும். 112-இல் இருந்த மெம்பரை 92-க்கு நகல் எடுத்தால் வலது ஓரம் வெட்டுப்படும். பழைய பத்தி முறை ஆர்பிஜியில் அந்த ஓரத்தில் குறிப்புதான் இருக்கும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முழுக்க ஃப்ரீ ஃபார்மில் எழுதியிருந்தால் வெட்டுப்படுவது உங்கள் லாஜிக்.

பிப்ரவரி 7, இரவு

க்யூஜிபிஎல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. பொதுப் பயன் லைப்ரரி என்று பெயர். எல்லோருடைய லைப்ரரி லிஸ்டிலும் தானாக வந்து உட்காரும் என்பதால், எங்கே போடுவது என்று தெரியாத எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஏதோ ஒரு ஊழியர் விட்டுப்போன பழைய புரோகிராம், லிஸ்டில் சரியான லைப்ரரி இல்லாத ஒரு நாளில் சிஸ்டத்தின் கையில் கிடைத்து, பிழை எதுவும் காட்டாமல் பழைய கணக்கைப் போட்டுவிட்டுப் போகும். ‘புரோகிராம் இல்லை’ என்று நின்றிருந்தால் நல்லதாயிருக்கும்.

பெயர்களின் அழகும் அப்படி. பெயரின் கடைசியில் ‘எக்ஸ்’, அது போதாதென்று ‘ஓல்டு’, பிறகு ‘நியூ’. பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் ‘நியூ2’ வருவதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. இல்லாவிட்டால் எங்கே போய் நிற்போமோ.

பிப்ரவரி 10

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். லைப்ரரியை எப்படிப் பிரித்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: புரொடக்ஷனில் ஓடும் இந்த ஆப்ஜெக்ட் எந்த மெம்பரிலிருந்து, அந்த மெம்பர் எந்த நிலையில் இருந்தபோது கம்பைல் ஆனது?

சிஸ்டம் இதை எழுதி வைக்கிறது. புரோகிராமின் விவரத்தைத் திறந்தால் சோர்ஸ் ஃபைல், அதன் லைப்ரரி, மெம்பர், சோர்ஸ் கடைசியாக மாறிய தேதி நேரம் எல்லாம் இருக்கும். ஐஎல்இ புரோகிராமில் இது மாட்யூல் (தனியாக கம்பைல் ஆகி, பிறகு இணைக்கப்படும் துண்டு) அளவில் இருக்கும், மாட்யூல் பட்டியலுக்குப் போய் 5 போட வேண்டும். கம்பைல் செய்த நொடியில் எழுதப்பட்டது அது. அதற்கப்புறம் நீங்கள் மெம்பரை நகர்த்தினாலும் பெயர் மாற்றினாலும் அழித்தாலும் அந்தக் குறிப்பு அப்படியே நிற்கும்.

ஆகவே டெவலப்மெண்டில் கம்பைல் செய்து, டெஸ்ட் முடித்து, ஆப்ஜெக்டை அப்படியே புரொடக்ஷனுக்கு நகர்த்துவதே சரி என்று பல வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். டெஸ்ட் செய்தது எதுவோ அதுவே ஓட வேண்டும் என்பது வாதம். மறுபடி கம்பைல் செய்தால் அது வேறு ஆப்ஜெக்ட், டெஸ்ட் ஆகாத ஆப்ஜெக்ட்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதை இன்று நானே கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நகர்த்திய ஆப்ஜெக்ட் என்ன சொல்லும்? ‘நான் டெவலப்மெண்ட் லைப்ரரியின் மெம்பரிலிருந்து வந்தேன்’ என்று சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால் அடுத்த மாற்றத்துக்காக அதே மெம்பரில் யாரோ கை வைத்திருப்பார். தேதி ஒத்துப்போகாது. புரொடக்ஷன் சோர்ஸ் லைப்ரரியில் ஒரு நகல் இருக்கும், ஆனால் ஆப்ஜெக்டுக்கு அதைப் பற்றித் தெரியாது.

ஓனர் சிக்கலும் உண்டு. நகர்த்தினால் டெவலப்பரின் பெயரிலேயே ஓனர்ஷிப் வந்து சேரும். ஓனரின் அதிகாரத்தில் ஓடும்படி வைத்த புரோகிராமாக இருந்தால், டெவலப்பருக்கு எட்டாத ஃபைல் புரோகிராமுக்கும் எட்டாது. அல்லது நேர்மாறாக, எட்டக் கூடாததெல்லாம் எட்டும். இருக்கும் புரோகிராமின் மேலேயே ரீப்ளேஸ் போட்டு கம்பைல் செய்தால் பழைய ஓனரும் பழைய அனுமதிகளும் அப்படியே நிற்கும்.

ஆனால் புரொடக்ஷனில் நேராக கம்பைல் செய்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பைலர் ஃபைல் வடிவத்தையும் லைப்ரரி லிஸ்ட் வழியாகத்தான் தேடி எடுக்கிறது. டெஸ்டில் புதிய ஃபீல்டுடன் ஒரு ஃபைல், புரொடக்ஷனில் பழையது. எந்த லிஸ்டில் கம்பைல் செய்தீர்களோ அந்த வடிவத்தின் லெவல் அடையாளம் புரோகிராமில் பதியும். ஓட்டும்போது ஃபைலின் அடையாளம் வேறாக இருந்தால் சிபிஎஃப்4131 என்ற பிழையோடு நின்றுவிடும். (அதைத் தவிர்க்க லெவல் செக்கையே அணைத்து வைப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.)

இப்போது எனக்குச் சரியாகப் படுவது இரண்டுக்கும் நடுவில். டெஸ்ட் ஆன சோர்ஸை புரொடக்ஷன் சோர்ஸ் லைப்ரரிக்கு முதலில் கொண்டுபோங்கள். அங்கிருந்து, புரொடக்ஷன் லைப்ரரி லிஸ்டோடு, ஆனால் ஒரு இடைநிலை லைப்ரரிக்குள் கம்பைல் செய்யுங்கள். கடைசி டெஸ்ட் அந்த ஆப்ஜெக்டில். ஓனரைத் திருத்தி, பிறகு நகர்த்துங்கள். ஆப்ஜெக்ட் சொல்லும் சோர்ஸ் முகவரியும் சரியாக இருக்கும், டெஸ்ட் ஆனதே ஓடவும் செய்யும்.

பிப்ரவரி 11, இரவு

“இவ்வளவுக்கு ஒரு மாற்ற மேலாண்மை மென்பொருள் வாங்கிவிடலாமே” என்கிறார் ஒருவர். வாங்குங்கள். நல்லவை இதையெல்லாம்தான் செய்யும். வாங்கிய பிறகும் அவசரத்துக்கு அதைச் சுற்றிக்கொண்டு போய் 14 போடுகிற ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார்.

பிப்ரவரி 13

காப்பி மெம்பர்கள். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். புரோகிராமில் எழுதி வைக்கப்படும் சோர்ஸ் முகவரி முதன்மை மெம்பருடையது மட்டும். அதற்குள் காப்பி வரியால் இழுக்கப்பட்ட மெம்பர் மாறியிருந்தால் எந்தத் தேதியும் உங்களுக்குக் காட்டாது. புரோட்டோடைப், பொது டேட்டா அமைப்பு எல்லாம் காப்பி மெம்பரில் வைப்பதுதான் நல்ல வழக்கம் என்பதால் இது எல்லோரையும் தொடும். யார் யார் எந்தக் காப்பி மெம்பரை இழுக்கிறார்கள் என்று சோர்ஸ் முழுக்கத் தேடி ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை.

சர்வீஸ் புரோகிராம் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் புரோசீஜர்களின் தொகுப்பு) வைத்திருப்பவர்கள், எந்தப் புரோசீஜர்களை வெளியே தருவது என்று பட்டியலிடும் பைண்டர் சோர்ஸையும் சோர்ஸாகவே மதியுங்கள். ‘எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்’ என்று விட்டுவிட்டால், ஒரு புரோசீஜர் சேர்த்த அன்றே கையொப்பம் மாறி, பழைய புரோகிராம்கள் எல்லாம் எம்சிஎச்4431 என்ற பிழையோடு விழும். பைண்டர் சோர்ஸில் பழைய பட்டியலை ‘முந்தையது’ என்று வைத்திருந்தால் அவை தொடர்ந்து ஓடும்.

பிப்ரவரி 14

“சோர்ஸ் தொலைந்தால் என்ன, புரோகிராம்தான் ஓடுகிறதே?”

ஓடும், மெஷின் மாறும்வரை. 1995-இல் ஏஎஸ்/400 பழைய 48 பிட் சிஸ்க் பிராசஸரிலிருந்து 64 பிட் ரிஸ்க்குக்கு மாறியது. புரோகிராமுக்குள் அதன் உருவாக்கத் தகவல் இருந்தால் சிஸ்டமே புதிய மெஷினுக்கு மாற்றிக்கொண்டது, சோர்ஸ் தேவைப்படவில்லை. இதைவிடப் பெரிய சாகசம் வேறு எந்த வணிக சிஸ்டத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் இடம் மிச்சமாகும் என்று அந்தத் தகவலை நீக்கி வைத்திருந்தவர்களும், நீக்கியே விற்ற மென்பொருளை வாங்கியிருந்தவர்களும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. கம்பைல் செய்ய சோர்ஸ் வேண்டும். 2008-இல் வி6ஆர்1 வந்தபோது அதே படம் இரண்டாவது தடவை ஓடியது. மாறுமா மாறாதா என்று முன்கூட்டியே அலசிச் சொல்ல ஒரு கட்டளையையே ஐபிஎம் கொடுத்திருந்தது. அலசிப் பார்த்த பிறகுதான் பல இடங்களில் தங்களிடம் எது இல்லை என்பதே தெரிய வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் வட்டி கணக்கிடும் புரோகிராம் ஒன்றுக்கு சோர்ஸ் இல்லை. அதே பெயரில் மெம்பர் இருந்தது, கம்பைலும் ஆனது. தேதியைப் பார்த்தால் புரோகிராமில் பதிந்திருப்பது மெம்பரின் தேதிக்கு வெகு பிந்தையது. யாரோ வேறெங்கோ ஒரு நகலில் திருத்தி, கம்பைல் செய்து, நகலை அழித்துவிட்டுப் போயிருக்கிறார். காப்பாற்றியது டிபக் பார்வை. அந்தப் புரோகிராம் ‘லிஸ்ட்’ பார்வையோடு கம்பைல் ஆகியிருந்தது; அப்படிச் செய்தால் கம்பைல் லிஸ்டிங்கின் நகல் ஆப்ஜெக்டுக்குள்ளேயே உட்காரும். டிபக்கரில் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் திரையிலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ‘சோர்ஸ்’ பார்வையோடு கம்பைல் ஆகியிருந்தால் டிபக்கர் அந்த அழிந்துபோன மெம்பரையே தேடியிருக்கும்.

சிஎல்காரர்களுக்குக் கவலை குறைவு. சிஎல் புரோகிராமிலிருந்து சோர்ஸைத் திரும்ப எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, கம்பைல் செய்யும்போது அதைத் தடுத்திருக்காவிட்டால். ஆர்பிஜிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிப்ரவரி 15

சின்னக் குறிப்பு. ரீப்ளேஸ் போட்டு கம்பைல் செய்ததும் பழைய புரோகிராம் அழிவதில்லை. க்யூஆர்பிஎல்ஓபிஜே லைப்ரரிக்கு வேறு பெயரில் போகிறது. அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். காலையிலிருந்து சைன் ஆஃப் செய்யாமல் உட்கார்ந்திருப்பவர் ‘நீங்கள் சரிசெய்ததாகச் சொன்னது சரியாகவில்லை’ என்று கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். அவர் ஓட்டுவது பழையதுதான். அந்த லைப்ரரியை ‘குப்பை’ என்று பகலில் காலி செய்யாதீர்கள். அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்போது) அதுவே காலியாகும்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவர் வேலையைத் தொடங்கிவிட்டார் போல. டெஸ்ட் டேட்டா லைப்ரரிக்கு ஃபைல்களை நகல் எடுத்ததாகச் சொல்கிறார். ஒரு நிமிஷம் நில்லுங்கள், லாஜிகல்களைப் பாருங்கள். நகல் எடுக்கும் கட்டளை லாஜிகல் ஃபைலைப் புதிய லைப்ரரியில் உருவாக்கும்போது, அதே பெயரில் பிசிகல் அங்கே ஏற்கனவே இருந்தால் அதோடு கட்டும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பழைய லைப்ரரியின் பிசிகலோடு கட்டிவிடும். அப்புறம் டெஸ்டில் லாஜிகல் வழியாக ஒரு ரெக்கார்டை அழித்தால் புரொடக்ஷனில் அழியும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எடுத்தால் சிஸ்டமே பிசிகலை முதலில் செய்துகொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்தீர்கள் என்றால் ஒவ்வொரு லாஜிகலும் எதன் மேல் நிற்கிறது என்று திறந்து பார்த்துவிடுங்கள், இன்றைக்கே.

பிப்ரவரி 17, மாலை

இரண்டு நின்றுகொண்டிருந்தனவாம், புரொடக்ஷன் மேல். நல்லவேளை, டெஸ்ட் இன்னும் தொடங்கவில்லை.

பிப்ரவரி 20

“சோர்ஸை ஐஎஃப்எஸ்ஸுக்குக் (இந்த மெஷினில் சாதாரண ஃபோல்டர்கள் இருக்கும் பகுதி) கொண்டுபோய் கிட்டில் (Git, மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) போட்டுவிட்டால் இந்த லைப்ரரி விவாதமே வேண்டாமே” என்று ஒரு இளைஞர். பாதி ஒப்புக்கொள்கிறேன். சோர்ஸ் மெம்பரைக் காட்டிலும் கிட் பல மடங்கு மேல். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதற்குப் பதில் இருக்கிறது. பெயரின் கடைசியில் ‘ஓல்டு’ போட வேண்டியதில்லை. விஎஸ் கோட், ஆர்டிஐ போன்ற எடிட்டர்களில் எழுதுகிறவருக்கு எஸ்இயூ என்ற பழைய எடிட்டரின் பச்சைத் திரைக்குத் திரும்ப மனசு வராது. எஸ்இயூவும் வி6ஆர்1-க்குப் பிறகு வந்த ஆர்பிஜி இலக்கணத்தைப் பார்த்தால் தப்பு என்று சிவப்புக் காட்டும்.

மற்ற பாதி: ஆப்ஜெக்ட் இன்னமும் லைப்ரரியில்தான் போய் உட்காரும். லைப்ரரி லிஸ்ட் அப்படியே இருக்கிறது, டேட்டா பிரிப்பு அப்படியே இருக்கிறது. கிட் தீர்ப்பது சோர்ஸ் பக்கத்தை மட்டும். இதிலிருந்து அது உருவாகும், இது மாறினால் அதை மறுபடி கம்பைல் செய் என்ற விதிகளை எழுதி வைக்காவிட்டால் கிட்டில் இருப்பது ஒன்று, ஓடுவது ஒன்று என்று மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்போம். மேக் போன்ற கருவி அதற்குத்தான்.

பழைய ஆட்களுக்கு ஒரு இழப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சோர்ஸ் மெம்பரில் ஒவ்வொரு வரிக்கும் அது மாறிய தேதி இருக்கும். ஐஎஃப்எஸ்ஸில் ஸ்ட்ரீம் ஃபைலாக (சாதாரண உரைக் கோப்பு) நகல் எடுத்ததும் அந்தத் தேதிகள் போய்விடும். வரியின் ஓரத்தில் தேதியைப் பார்த்தே ‘இது அந்த வருஷக் கடைசியில் செய்த மாற்றம்’ என்று கண்டுபிடிப்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், பழைய சோர்ஸ் ஃபைல்களை அழிக்காமல், எழுத அனுமதி மட்டும் எடுத்துவிட்டு வைத்திருங்கள்.

பிப்ரவரி 22

கடைசியாகக் கேட்டது: எங்கிருந்து தொடங்குவது, எத்தனை லைப்ரரி?

டேட்டாவுக்கு ஒன்று, லாஜிகலோடு. புரோகிராமுக்கு ஒன்று, டிஸ்பிளே ஃபைலும் பிரிண்டர் ஃபைலும் அதிலேயே. சோர்ஸுக்கு ஒன்று, அதில் டெவலப்பர்களைத் தவிர யாருக்கும் வேலையில்லை. இந்த மூன்றும் டெஸ்டுக்கு இன்னொரு செட், புரொடக்ஷனுக்கு முன்னால் அந்த இடைநிலை லைப்ரரி. சம்பளம், ஸ்டாக், கணக்கு என்று மூன்று அப்ளிகேஷனுக்கும் தனித்தனியாக வேண்டுமா என்றால், சம்பளத்துக்கு மட்டும் கட்டாயம் வேண்டும், அதைப் பார்க்கக் கூடாதவர்கள் அதிகம். மற்ற இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்றால் சேர்ந்தே இருக்கட்டும்.

ஆனால் எதையும் நகர்த்துவதற்கு முன் ஒரு பட்டியல் எடுங்கள். நகர்த்திய பிறகு அந்தப் பழைய முகவரிகள் எதுவும் பொருந்தாது. க்யூசிஸ்2 லைப்ரரியில் ‘பவுண்ட் மாட்யூல் இன்ஃபோ’ என்று ஒரு எஸ்க்யூஎல் வியூ இருக்கிறது, ஒவ்வொரு மாட்யூலுக்கும் சோர்ஸ் லைப்ரரி, ஃபைல், மெம்பர், சோர்ஸ் மாறிய நேரம் எல்லாம் தரும். ஐஎல்இ அல்லாத பழைய புரோகிராம்களுக்கு ஆப்ஜெக்ட் விவரத்தை ஒரு ஃபைலுக்கு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ‘சிஸ்பார்ட்டிஷன்ஸ்டாட்’ வியூவில் இருக்கும் மெம்பர்களோடு சேர்த்துப் பாருங்கள். மெம்பரே இல்லாதவை ஒரு குவியல், மெம்பர் இருந்தும் நேரம் ஒத்துப்போகாதவை ஒரு குவியல். இரண்டாவது குவியலில் மெம்பரின் நேரம் முந்தையதாக இருப்பவற்றை முதலில் எடுங்கள். அவற்றின் சோர்ஸ் வேறெங்கோ இருக்கிறது, அல்லது இல்லை. கம்பைல் செய்து ‘சரிசெய்து’ விடாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டை முதலில் ஒரு சேவ் ஃபைலில் போட்டுவிட்டுத் தேடுங்கள்.